கணக்கு சரியாகத்தான் இருந்தது

"உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து" என்று போகும் பைபிள் வசனம், நீதிமொழிகள் 3:5ஐ ஞாயிறு பள்ளியில் ஒப்பித்து, எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன் நான். அந்த டிபன் பாக்ஸில் அம்மா இன்றும் துவரம் பருப்பு போட்டு வைத்திருக்கிறார். வசனத்துக்கு மட்டும் நான் முப்பது வருஷமாக இடம் கொடுக்கவில்லை.

என் தொழில் கணக்கு. மதுரையில் சில கடைகளுக்கு ஜிஎஸ்டி பார்க்கிறேன். எண் சரியாக இருந்தால் முடிவும் சரி என்றே பழகிவிட்டேன். அப்பா இறந்த மறு வருஷம், உசிலம்பட்டிப் பக்கம் அவர் விட்டுப்போன எண்பது சென்ட் மல்லிகைத் தோட்டத்தைக் கேட்டு புரோக்கர் வந்தார். அன்று ராத்திரியே கணக்குப் போட்டேன். மதுரை மல்லிக்கு 2013லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, பெருமைதான். ஆனால் பறிப்புக் கூலி, உரம், மருந்து, மாட்டுத்தாவணிக்கு ஏற்றிப் போகிற வாடகை, கமிஷன் எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். விற்றுப் பேங்கில் போட்டால் வட்டியே அதைவிட அதிகம்.

அம்மா ஒன்றுதான் கேட்டார். "ஜெபம் பண்ணியாப்பா?"

"கணக்கு இவ்வளவு தெளிவா இருக்கு. இதுல ஜெபம் பண்ண என்னம்மா இருக்கு?"

வேதம் 'சாய்தல்' என்று சொல்வது இந்தப் பதிலைத்தான் என்று இப்போது புரிகிறது. யோசிக்காதே என்று அந்த வசனம் எங்கும் சொல்லவில்லை. அதே நீதிமொழிகள்தான் எறும்பினிடத்தில் போய்க் கற்றுக்கொள்ளச் சொல்கிறது, ஆலோசனை சொல்ல அநேகர் வேண்டும் என்கிறது. விசுவாசம் என்று சொல்லி சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை வைத்துப் பெண்ணுக்கு வரன் முடித்தவர்களையும் தெரியும். கர்த்தரிடம் கேட்பது என்றால் அவர் சொல்வதற்குக் காது கொடுக்க வேண்டும். நானோ எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் அவரிடம் நீட்டுகிறவனாக இருந்தேன். அன்று அதைக்கூடச் செய்யவில்லை.

அம்மா மூன்று வாரம் ஜெபித்தார். "மனசுல சமாதானம் இல்லப்பா" என்றார். அப்புறம், "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. அவள் பங்கைப் பைசா குறையாமல் எழுதி வைத்திருந்தேன். அவளிடம் பேச வேண்டும் என்று தோன்றவே இல்லை. போன் போட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு "வேணாம்டா" என்றாள். காரணம் சொல்லவில்லை.

பைபிளில் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில், ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லப் போன பவுலும் கூட இருந்தவர்களும் பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார்கள், ஆவியானவர் விடவில்லை. ஏன் என்று அங்கே ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. துரோவாவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மக்கெதோனியாவுக்கு வரச் சொல்லும் தரிசனம். நமக்குக் காரணம் முதலில் தெரிந்தாக வேண்டும், அப்புறம்தான் கால் நகரும்.

சரி, விற்கவில்லை. புரோக்கர் கோபித்துக்கொண்டு போனார். இரண்டு வருஷம் கழித்து அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். அக்கா இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வந்தாள். இன்றைக்கு அந்தத் தோட்டம்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. விடியற்காலை நாலு மணிக்கு நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு, மொட்டு விரியுமுன் பறிக்கிறாள். முகூர்த்த நாளில் நல்ல விலை. மற்ற நாளில் பறிப்புக் கூலிக்கே இழுபறி.

இதற்காகத்தான் கர்த்தர் தடுத்தார் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தானை ஏன் எடுத்துக்கொண்டார் என்று அக்கா கேட்டு அழுத ராத்திரிகளில் நானும் பக்கத்தில் இருந்தேன். என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நான் போட்ட கணக்கில் ஒரு எண்கூடத் தப்பில்லை, என் அக்காதான் அதில் இல்லை. அதை எனக்குக் காட்டியது அம்மாவின் மூன்று வார ஜெபம்.

போன கார்த்திகையில் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அக்கா கவாத்து வெட்டிக்கொண்டிருந்தாள். பச்சைப் பசேலென்று நின்ற செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக்கொண்டே போகிறாள். பனி இறங்கி, பூ வரத்து குறைந்து, விலை ஏறுகிற நேரம். "இப்பப் போய் வெட்டுறியே" என்று என்னையும் அறியாமல் கேட்டுவிட்டேன்.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பங்குனியில வந்து பாரு" என்றாள்.

வெட்டிப் போட்ட கிளைகளை அள்ளி வரப்பில் போட ஆரம்பித்தேன்.