ஒற்றைக் கொட்டை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் வேதபாடம் வாசித்தது என் மகள். 13 வயது. திக்குவாய். இரண்டாம் கொரிந்தியர் 12-ஆம் அதிகாரம், முதல் 10 வசனங்கள். மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு இறங்குவார்கள். அவளுக்கு ஆறு நிமிடம் ஆனது. ஒன்பதாம் வசனத்தில் “என் கிருபை உனக்கு” வரைக்கும் வந்துவிட்டாள். “போதும்” வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது, கை பைபிளின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தது. ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. யாரும் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. எங்கள் சபையாருக்கு அதற்காகவே நன்றி சொல்ல வேண்டும். அப்புறம் “போதும்” வந்தது. எத்தனையோ தடவை கேட்ட வசனம், அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கவலைப்படாதீங்க தம்பி, அடுத்த வருஷம் நீங்க சாட்சி சொல்லுவீங்க” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாட்சி என்றாலே நமக்குக் குணமான கதைதான். கட்டி கரைந்தது, கடன் அடைந்தது, விசா கிடைத்தது. அவற்றுக்கும் ஸ்தோத்திரம். ஆனால் குணமாகாதவர்களை எப்போதாவது மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறோமா? “உங்களுக்கு விசுவாசம் பத்தல” என்று என் மனைவியிடம் முகத்துக்கு நேராகவே ஒருவர் சொல்லியிருக்கிறார். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

மகள் வாசித்த அதே அதிகாரத்தில், தன் வேதனையை “மாம்சத்திலே ஒரு முள்” என்று சொல்லும் பவுல், அது நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. திக்குவாயும் மந்த நாவும் உள்ளவன் என்று மோசே சொன்னபோது, கர்த்தர் அவர் நாவைச் சரிசெய்ததாக யாத்திராகமத்தில் இல்லை. ஆரோனைத் துணைக்கு அனுப்பினார், அதே நாவோடு பார்வோனிடம் போகச் சொன்னார். இதையெல்லாம் விட என்னை அசைப்பது, இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பாத சீஷன் தோமா நின்ற அந்த வீடு. மரணத்தையே ஜெயித்து எழுந்தவருக்குக் கையிலிருந்த ஆணித் தழும்பை அழிக்கத் தெரியாதா? வைத்துக்கொண்டுதான் வந்தார். “என் ஆண்டவரே, என் தேவனே” என்று தோமா சொன்னது அந்தத் தழும்புக்கு முன்னால்.

எனக்குச் சேலத்தில் சின்னதாக ஒரு காபித்தூள் கடை. கொட்டை வாங்க ஏற்காடு போவேன். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர், இன்றைக்கும் அந்த மலையில் சில்வர் ஓக் நிழலில் நிற்கிறது. இரண்டு வருஷம் முன்பு ஒரு ஜனவரியில் மகளையும் கூட்டிப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவள் வாயே திறக்கவில்லை. அந்த வாரம்தான் வகுப்பில் யாரோ அவளைப் போலப் பேசிக் காட்டியிருந்தார்கள்.

களத்தில் கொட்டை துழாவிக்கொண்டிருந்த ஒரு ஆயா, உருண்டையாக ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். “இது பீபரி, கண்ணு. ஒத்தைக் கொட்டை.” ஒரு பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை இருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டி வளர்வதால் இரண்டுக்கும் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். சில பழத்தில் ஒன்று உருவாகாமலே போகும். மற்றது இடமெல்லாம் எடுத்துக்கொண்டு உருண்டுவிடும். கணக்குப்படி அது குறைதான். சல்லடையில் தனியாகப் பிரித்து, தனிப் பேர் சொல்லி விற்கிறோம். விலை கூடுதல் என்பதால் இதைச் சொல்லவில்லை. என் பிள்ளை தேறி, பிரசங்கியாகி, பேர் வாங்கினால்தான் கிருபை என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கொட்டையை அவள் விரலில் உருட்டி உருட்டிப் பார்த்தாளே, அந்த முகத்தை மட்டும் சொல்கிறேன். இன்னும் அது அவள் பென்சில் டப்பாவில் இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் தவறாமல் கூட்டிப் போகிறோம். ஜெபத்தையும் விடவில்லை. கஷ்டப்படுகிறவர்களிடம் போய் “இதுவும் அழகுதான்” என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் வசனம் சொல்லாமல் உட்கார்ந்திருப்பதே மேல். என் வீட்டில் நான் கண்டதைத்தான் எழுதுகிறேன். அவள் பேசும்போது நாங்கள் காத்திருக்கப் பழகியிருக்கிறோம். நான் அவசரக்காரன், கடையில் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பொறுமை வந்தது அந்தத் திக்கின் வழியாகத்தான்.

அடுத்த மாதமும் வாசிக்கிறேன் என்று அவளே போய்ப் போதகர் ஐயாவிடம் பெயர் கொடுத்திருக்கிறாள். சங்கீதம் 139. “நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால், உம்மைத் துதிப்பேன்.” ‘பி’ அவளுக்குக் கஷ்டமான எழுத்து. இதை எழுதும்போது பக்கத்து அறையில் பழகிக்கொண்டிருக்கிறாள். “நான்” வந்துவிட்டது.