பராமரிப்பு என்ற வரியை அடிக்க மனம் வரவில்லை

போன மாதம் இயற்கைப் பாதுகாப்பு வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டேன். நிதி திரட்டும் வேலை. அறக்கட்டளைகளுக்கும் கம்பெனிகளுக்கும் திட்ட வரைவு எழுதி மானியம் வாங்கித் தர வேண்டும். காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினோரு வருஷம் இருந்தவள் நான். தொண்டு நிறுவனத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி, கம்பெனிகளின் சமூகப் பணிப் பணத்தை வாங்கப் பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவம், வருஷாந்தரக் கணக்கு எல்லாம் கை பழகியவை. கண்மாய், ஊருணி என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். இரண்டும் ஓரிடத்தில் சேர்கிற வேலை என்று ஆசையாகத்தான் போனேன்.

நேர்காணலுக்கு முன்னால் ஒரு பரீட்சை வைத்தார்கள். செட்டிநாட்டில் ஓர் ஊருணியைச் சீரமைக்க இரண்டு பக்க வரைவு, 12 லட்சத்துக்குள் பட்ஜெட். தூர்வாருதல், சரிந்த செம்புறாங்கல் படிகளை எடுத்துக் கட்டுதல், வரத்துக்காலைத் திறந்துவிடுதல் எல்லாம் போட்டேன். கடைசி வரியில் உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் பகுதிநேரக் கூலியும், ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷா வருஷம் வரத்துக்காலைச் சுத்தம் செய்யும் செலவும் போட்டேன். அதற்காகப் படிக்கட்டு வேலையில் பாதியைக் குறைத்தேன்.

நேர்காணலில் அந்த வரியைத்தான் முதலில் பிடித்தார்கள். "பராமரிப்புக்கு யாரும் பணம் தர மாட்டார்கள், எடுத்துவிடுங்கள். அந்தத் தொகைக்கு மரக்கன்று எண்ணிக்கையைக் கூட்டிப் போடுங்கள்." நான் எடுக்க மாட்டேன் என்றேன். வேலை கிடைக்கவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வரியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓட்டில் விழுகிற மழை முற்றத்தில் இறங்கி, அங்கிருந்து வடிகால் வழியாகத் தெருவுக்கு வரும். தெருவிலிருந்து வாய்க்கால் பிடித்து ஊருணிக்குப் போகும். வீடு, தெரு, ஊருணி மூன்றும் ஒரே ஏற்பாடு. நடுவில் ஒருவர் வாசலுக்கு சிமெண்ட் மேடை கட்டினால் போதும், கீழே இருக்கும் ஊருணி காய்ந்துவிடும். எங்கள் ஊர்ப்பக்கம் அப்படி ஒன்று இருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன் பொக்லைன் வைத்து அழகாகத் தூர்வாரினார்கள். பலகை இன்னும் நிற்கிறது. உள்ளே தண்ணீர் இல்லை, சீமைக்கருவேலங்கன்று ஆள் உயரத்துக்கு நிற்கிறது. தூர்வாரிய பணம் முழுக்க வீண். வாய்க்காலை வருஷத்துக்கு ஒரு முறை நடந்து பார்க்க ஒரு ஆள் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

சரி, பணம் தருகிறவர்கள் ஏன் இதற்குத் தருவதில்லை? சட்டம்தான் காரணம் என்று சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் இயற்கை வளப் பாதுகாப்பும் அதன் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கின்றன. தொடர் திட்டம் என்று போட்டால் ஆரம்பித்த வருஷம் போக இன்னும் மூன்று வருஷத்துக்குச் செலவழிக்கலாம். ஆக, நான்கு மழைக்காலம் வரை ஓர் ஆளுக்குக் கூலி கேட்க இடம் இருக்கிறது. கேட்கிறவர்கள்தான் நிதியாண்டு முடிகிற மார்ச் 31க்குள் வேலையும் முடிகிற மாதிரி எழுதிக் கொடுக்கிறார்கள்.

நமக்கு உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. கம்பெனி தான் இயங்கும் ஊருக்கும் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது அதே சட்டம். பெரிய தொழிற்சாலைகள் அதிகம் இல்லாத எங்கள் சீமைக்கு அந்தப் பணம் தானாக வராது. வெளிநாட்டு நன்கொடையும் அப்படித்தான். 2020 செப்டம்பரில் வந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவின் உச்ச வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. சென்னையில் இருக்கும் பெரிய அமைப்பு வாங்கி, கிராமத்துச் சின்னக் குழுவுக்கு ஒரு பங்கு கொடுக்கும் வழி அதோடு அடைபட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் கஷ்டப்பட்டு வாங்குகிற ஒவ்வொரு ரூபாயும் நிலைத்து நிற்க வேண்டாமா?

இந்த யோசனை எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. கோயிலில் விளக்குக் கட்டளை வைத்தவர்கள் விளக்கை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தினமும் எண்ணெய் ஊற்ற நிலமோ வட்டிக்குப் போட்ட முதலோ சேர்த்து எழுதி வைத்தார்கள். வியாபாரிகள் வரவிலிருந்து மகமை என்று ஒரு பங்கை எடுத்து வைத்தது தர்மம் நிற்காமல் நடக்க வேண்டும் என்றுதான். பேரேடும் ஐந்தொகையும் எழுதத் தெரிந்த சமூகத்துக்கு இந்தக் கணக்கு அத்துப்படி.

அப்புறம் கொள்ளுக்குடிப்பட்டி. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977இல் சரணாலயம் ஆனது. மூன்று கண்மாய்கள், 38 ஹெக்டேர் சொச்சம். நத்தைகொத்தி நாரை, கரண்டிவாயன், வக்கா எல்லாம் வரும். பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பிள்ளைகள்கூட. சரணாலயத்துக்கு இதைவிடப் பெரிய பராமரிப்பு என்ன இருக்கிறது? ஆனால் நான் பார்த்த எந்த மானியப் படிவத்திலும் இதை எழுத ஒரு கட்டம் இல்லை. பயனாளிகள் எத்தனை பேர், கன்றுகள் எத்தனை, பயிற்சி வகுப்புகள் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். வரைவு எழுதுகிறவருக்கு அந்த ஊர் தெரிந்திருந்தால் கட்டம் இல்லாவிட்டாலும் எப்படியாவது உள்ளே கொண்டு வந்துவிடுவார்.

அதனால்தான் ஆள் எடுக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. விளம்பரத்தில் சரளமான ஆங்கிலம் கேட்டார்கள், நியாயம்தான், வரைவு ஆங்கிலத்தில்தானே போகும். ஆனால் நேர்காணலில் கண்மாய் நிறைந்தால் வழியும் கலுங்கு என்றால் என்ன, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்று கடைசி வரை சொல்லவும் இல்லை. வேறொரு இடத்தில், கொண்டுவரும் தொகையில் சதவீதம் தருகிறோம் என்றார்கள். அதற்கு அங்கேயே மறுத்துவிட்டேன். அமெரிக்காவில் நிதி திரட்டுவோர் சங்கத்தின் நெறிமுறையே சதவீதக் கூலியை ஏற்பதில்லை. கமிஷனுக்கு வேலை பார்க்கிறவரால், இந்தப் பணம் நமக்கு வேண்டாம், இவர்கள் கேட்பது இந்தக் கண்மாய்க்கு ஒத்துவராது என்று எப்படிச் சொல்ல முடியும்? அப்படிச் சொல்லத் தெரிவதும் இந்த வேலையில் பாதி.

அடுத்த வாரம் மதுரையில் இன்னொரு நிறுவனத்தில் நேர்காணல். மாதிரி வரைவு ஒன்று அனுப்பச் சொன்னார்கள். அதே இரண்டு பக்கத்தைத்தான் அனுப்பியிருக்கிறேன். பராமரிப்பு வரி இப்போது பட்ஜெட்டின் முதல் வரி.