பொத்தானுக்குப் பெயர் வையுங்கள்

நேற்று இரவு ஒரு முருகன் பாட்டுக்கு மிக்ஸிங் முடித்து அனுப்பினேன். தனித்தனியாகப் பதிவு செய்த ஒலிகளைச் சேர்த்துப் பாட்டாக்கும் வேலை அது. மொத்தம் 18 டிராக். தபேலா, டோலக், புல்லாங்குழல், இரண்டு முறை வாசிக்கவைத்து எடுத்த வயலின், பாடகரின் குரல், பின்னால் கோரஸ், மீதியெல்லாம் என் கீபோர்டு. காலையில் பாடகர் போன் செய்தார். "நல்லா வந்திருக்குண்ணே. யாரு மிக்ஸ் பண்ணாங்க?" என்றார். நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "இல்லண்ணே, கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து பண்ணது யாருன்னு கேட்டேன்" என்றார்.

அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பத்து வருடமாக என்னோடு மேடை ஏறியவர். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது என்பது அவருக்குத் தெரியும். கீபோர்டு வாசிப்பேன் என்பதும் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துப் பார்க்க மட்டும் அவரால் முடியவில்லை. போனை வைத்ததிலிருந்து அதுவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கண்ணை எடுத்துக்கிட்ட கடவுள் காதைக் கூடுதலாக் கொடுத்திருக்காரு." சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பு எங்களை ஆர்மோனியத்துக்கும் கீபோர்டுக்கும் மைக்குக்கும் முன்னால் உட்காரவைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. ஸ்டுடியோவுக்குள் போனால் பின்னால் ஒரு நாற்காலி போடுவார்கள். மவுஸ் வேறொருவர் கையில் இருக்கும். "இரண்டாவது சரணத்தில் வயலினைக் கொஞ்சம் இறக்குங்க தம்பி" என்று சொல்லலாம். இறக்குவார். இன்னும் கொஞ்சம் என்றால் இன்னும் கொஞ்சம். நான்காவது முறை கேட்க எனக்கு வாய் வராது, ஏனென்றால் ஸ்டுடியோ வாடகை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். "போதும், நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்த பாட்டுகள் எத்தனையோ. அவற்றை இன்றைக்குக் கேட்டாலும் அந்த வயலின் எனக்கு உறுத்துகிறது.

காது எங்களுக்குக் கூடுதலாக இருக்கிறதா என்பது எனக்கு முக்கியமில்லை. பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

கம்ப்யூட்டரை நாங்கள் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கிரீன் ரீடர் என்று ஒரு மென்பொருள் உண்டு. திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும். விண்டோஸில் ஜாஸ் (JAWS) என்ற ஸ்கிரீன் ரீடர் பழையது, விலை அதிகம். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், இந்த விலையை எத்தனை பேரால் கொடுக்க முடியும் என்று யோசித்து, என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை எழுதத் தொடங்கினார். பிறகு அவரோடு ஜேம்ஸ் டே சேர்ந்தார். அவரும் பார்வையற்றவர். தமிழையும் வாசிக்கிற அந்த என்விடிஏதான் இன்று என் லேப்டாப்பில் இருக்கிறது. வங்கிக் கணக்கு பார்ப்பது, இந்தப் பதிவை எழுதுவது, எல்லாம் அதன் துணையோடுதான்.

ஆனால் ஸ்கிரீன் ரீடருக்குக் கண் கிடையாது. அது விண்டோஸிடம் "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்கும். "இது பொத்தான், இதன் பெயர் பிளே" என்று பதில் வந்தால் நமக்குச் சொல்லும். இசை மென்பொருள் செய்பவர்கள் பலர் பதில் சொல்லும் அந்த ஏற்பாட்டையே வைப்பதில்லை. பழைய கால ஆம்ப்ளிஃபையர் மாதிரி அழகழகாகத் திருகுகளும் முள் மீட்டர்களும் வரைகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது கருவி. விண்டோஸைப் பொறுத்தவரை அந்தச் சன்னல் முழுவதும் ஒரே படம். உள்ளே 40 திருகுகள் இருக்கும், என் காதில் "அன்நோன்" என்ற ஒரே சொல் விழும்.

எனக்கு விடிவு வந்தது ரீப்பர் மூலமாக. வின்ஆம்ப் ஞாபகமிருக்கிறதா, எம்பி3 கேட்க எல்லோரும் வைத்திருந்தோமே? அதைச் செய்த ஜஸ்டின் ஃபிராங்கல் பின்னாளில் செய்த ஒலிப்பதிவு மென்பொருள் இது. தனியாளுக்கான சலுகை உரிமம் 60 டாலர், அதற்கு முன் 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். ரீப்பரும் தானாகப் பேசாது. ஆனால் வெளியாட்கள் அதற்குள் கை வைத்துப் புதிய வசதிகளைச் சேர்க்க வழி திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் நுழைந்து ஒசாரா என்ற இணைப்பை எழுதியவர், என்விடிஏவைக் கட்டிய அதே ஜேம்ஸ் டே. அதுவும் இலவசம், திறந்த மூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம். பிறகு பலர் கை கொடுத்திருக்கிறார்கள்.

ஒசாரா போட்ட முதல் நாளை மறக்க மாட்டேன். கீழ் அம்புக்குறியை அழுத்தினேன். டிராக்கின் எண்ணைச் சொன்னது, பெயரைச் சொன்னது, ரெக்கார்டுக்குத் தயாராக இருக்கிறதா, மியூட் ஆகியிருக்கிறதா என்று சொன்னது. அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் இதையெல்லாம் ஒரு ஆளிடம் கேட்டுத்தான் எனக்குத் தெரியும்.

ஒலி அளவு எல்லை மீறினால் மற்றவர்களுக்குச் சிவப்பு விளக்கு எரியும். ஒசாராவில் பீக் வாட்சர் என்று ஒன்று உண்டு. எந்த டிராக்கைக் கவனிக்க வேண்டும், எத்தனை டெசிபெலைத் தாண்டினால் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டால், தாண்டும்போது காதில் சொல்லும். பிளகின் என்பது ரீப்பருக்குள் செருகும் சின்ன மென்பொருள். படமாக மட்டும் நிற்கிற பிளகின்களுக்கும் ஒரு வழி செய்திருக்கிறார்கள். எந்தப் பிளகினும் தன் திருகுகளின் பட்டியலை ரீப்பரிடம் உள்ளுக்குள் கொடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஆட்டோமேஷன் செய்ய முடியாது, அதாவது பாட்டு ஓடும்போது திருகு தானாகத் திரும்பும்படி வைக்க முடியாது. ஒசாரா அந்தப் பட்டியலை எடுத்து, பெயரும் மதிப்பும் உள்ள சாதாரண ஸ்லைடராக நமக்கு முன் வைக்கிறது. நேற்றைய பாட்டில் தபேலாவின் இடந்தலை கொழகொழவென்று கேட்டது. ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் திறந்து, 250 ஹெர்ட்ஸ் பக்கம் போய், மூன்று டெசிபெல் இறக்கினேன். சரியாகிவிட்டது. யாரிடமும் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அலைவடிவத்தைப் பார்க்காமல் எப்படி வெட்டி ஒட்டுகிறாய் என்று அடிக்கடி கேட்கிறார்கள். டேப் விசையை அழுத்தினால் ரீப்பர் அடுத்த அடி விழும் இடத்துக்குத் தாவும். அங்கிருந்து அம்புக்குறியால் முன்னே பின்னே நகர்ந்து, போட்டுக் கேட்டு, பாடகர் மூச்சு எடுக்கும் இடத்துக்கு முன்னால் வெட்டுவேன். வெட்டு சரியா இல்லையா என்று கடைசியில் கேட்டுத்தானே ஆகவேண்டும், யாராக இருந்தாலும்.

சிரமமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே காதில் பாட்டும் பேச்சும் ஒன்றாக விழும். ரிவெர்ப் என்கிற எதிரொலியின் மெல்லிய வால் எங்கே முடிகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்கிரீன் ரீடர் நடுவில் பேசினால் எல்லாம் போச்சு. அதனால் இரண்டு வழியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பாட்டு, மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வழியாக ஹெட்போனுக்கு, பேச்சு லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கருக்கு. ஆரம்பத்தில் இரண்டையும் இன்டர்ஃபேஸிலேயே விட்டிருந்தேன். இன்டர்ஃபேஸை இயக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரை ரீப்பர் பிடித்துக்கொண்டதும் என்விடிஏவின் குரல் காணாமல் போனது. கம்ப்யூட்டரே செத்துவிட்டது என்று நினைத்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு முறை, ஒரு பாட்டி தாலாட்டு பாடி நல்ல டேக் ஒன்று கிடைத்தது. திரும்பக் கேட்டால் நடுவில் "டிராக் 3 ஆர்ம்டு", அதாவது ரெக்கார்டுக்குத் தயார், என்று லேப்டாப் பேசியதும் மைக்கில் பதிவாகியிருந்தது. பாட்டியால் மறுபடி அதே மாதிரி பாட முடியவில்லை. அதிலிருந்து மைக் திறந்திருக்கும்போது பேச்சை ஒரு காதில் மாட்டும் சின்ன இயர்போனுக்கு மாற்றிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

சரி, ஒரு மென்பொருள் கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். கிடைத்தது போய்விடலாம் என்பதுதான் எங்கள் பயம். அமெரிக்காவில் டான்சிங் டாட்ஸ் என்ற நிறுவனம், சோனார் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை ஜாஸ் மூலம் பேசவைக்க கேக்டாக்கிங் என்ற ஸ்கிரிப்டுகளை எழுதியிருந்தது. அதை நம்பித் தொழில் செய்த பார்வையற்ற இசைக்கலைஞர்கள் நிறையப் பேர். 2010 கடைசியில் சோனார் எக்ஸ்1 வந்தது. முகப்பையே மாற்றியிருந்தார்கள், பழைய ஸ்கிரிப்டுகள் அதற்குப் பொருந்தவில்லை. பலர் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் பழைய 8.5 பதிப்பிலேயே தங்கிவிட்டார்கள். ப்ரோ டூல்ஸ் என்ற இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருளுக்கும் இதே கதை. ஆப்பிளின் பழைய மேக் கம்ப்யூட்டரில் பேசியது, ஓஎஸ் எக்ஸ் என்ற புதிய இயங்குதளத்துக்கு மாறியதும் ஊமையாகிவிட்டது. நியூயார்க்கில் ஸ்டுடியோ நடத்தும் ஸ்லாவ் ஹலாட்டின் போன்ற பார்வையற்ற ஒலிப்பதிவாளர்கள் விடாமல் அதைச் செய்யும் நிறுவனத்தோடு பேசி, மனு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அப்டேட் என்றால் மற்றவர்களுக்குப் புது வசதி. எங்களுக்கு அது, நாளைக்கு வேலை இருக்குமா என்ற கேள்வி.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாதபடி இப்போது உதாரணங்கள் இருக்கின்றன. ஆப்பிளின் இசை மென்பொருட்களான லாஜிக்கும் கராஜ்பேண்டும் மேக்கின் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவரோடு வேலை செய்கின்றன. மேக் வாங்கத்தான் எங்களில் பலருக்கு வசதியில்லை. 2001இல் வந்த ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள், 2024 மார்ச்சில் 12ஆம் பதிப்பில்தான் ஸ்கிரீன் ரீடருக்கு வழிவிட்டது. 23 வருடம். அந்த இடைவெளியில் ஒரு குழந்தை பிறந்து, படித்து, இசையை விட்டுவிட்டு வேறு வேலைக்கே போயிருக்கும். ஆனாலும் வழிவிட்டார்கள் அல்லவா, அதற்கு நன்றி. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கீபோர்டில் திருகைத் தொட்டால் அதன் பெயரைக் குரலில் சொல்கிறது. சர்ஜ் எக்ஸ்டி என்று ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் மென்பொருள் ஒன்று, இலவசம், தன்னார்வலர்கள் சேர்ந்து செய்வது. அதில் ஒவ்வொரு திருகும் பேசுகிறது. சம்பளம் வாங்காதவர்களால் முடிந்தது பெரிய கம்பெனிகளால் ஏன் முடியாது?

பிளகின் எழுதும் தமிழ்ப் பையன்கள் இப்போது நிறைய இருக்கிறீர்கள். உங்களிடம் நேராகவே கேட்கிறேன். உங்களில் பெரும்பாலோர் ஜூஸ் என்ற கட்டமைப்பில்தான் எழுதுகிறீர்கள். 2021இல் வந்த அதன் 6.1 பதிப்பிலிருந்து ஸ்கிரீன் ரீடர் ஆதரவு உள்ளேயே இருக்கிறது. திருகுக்கு ஒரு பெயர், மதிப்புக்கு ஒரு சொல், டேப் அழுத்தினால் அடுத்த திருகுக்குப் போகும் வரிசை. இவ்வளவுதான் நாங்கள் கேட்பது. இன்று இரவே சோதித்துப் பாருங்கள். விண்டோஸில் கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதன் சொந்த ஸ்கிரீன் ரீடரான நரேட்டர் பேசத் தொடங்கும். மேக்கில் கமாண்ட், எஃப்5. மானிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் பிளகினில் ஒரு பிரீசெட்டை மாற்ற முடிகிறதா பாருங்கள். இன்ஸ்டாலரையும் உரிமம் பதியும் சன்னலையும் சேர்த்தே பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய பிளகின் ஒன்றின் உரிமத்தைப் பதிய, பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளி விட்டு வரும்வரை நான் காத்திருந்திருக்கிறேன்.

அடுத்தது ஒலிப்பதிவுப் படிப்பு நடத்துகிறவர்கள். எனக்குத் தெரிந்த 19 வயதுப் பையன் ஒருவன், நல்ல தாளஞானம் உள்ளவன், ஒரு பயிற்சி நிலையத்தில் சேரப் போனான். "இது திரையைப் பார்த்துச் செய்யற கோர்ஸ் தம்பி, நீ வாய்ப்பாட்டு கத்துக்கோ, உனக்குக் காது நல்லா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் அதே காது! கம்ப்ரஸர் என்ன செய்கிறது, மைக்கை எங்கே வைக்க வேண்டும், ஒரு அறை எப்படி ஒலிக்கிறது, இதில் எது திரையைப் பார்த்துச் செய்வது? பாடத்தை ரீப்பரிலும் விசைப்பலகை வழியாகவும் சொல்லித்தர ஒரு ஆசிரியர் ஒரு மாதம் உழைத்தால் போதும். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி வாதாடலாம்தான். ஆனால் சண்டை போட்டுச் சேர்ந்த வகுப்பில் அந்தப் பையன் நிம்மதியாகக் கற்றுக்கொள்வானா என்று யோசித்துத்தான் அன்றைக்கு நான் பேசாமல் வந்தேன். பேசியிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது.

அவன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வருகிறான். மூன்று வாரத்தில் டிராக் போடுவது, வெட்டுவது, வால்யூம் ஆட்டோமேஷன் எல்லாம் பழகிவிட்டான். போன வாரம் அவனாகவே ஒரு பறை தாளத்தைப் பதிவு செய்து, மூன்று அடுக்காக அடுக்கிக் கொண்டுவந்தான். போனில் எடுத்ததால் கரகரப்பு இருந்தது, ஆனால் ஒரு அடிகூடப் பிசகவில்லை.

அவனிடம் லேப்டாப் இருக்கிறது, என்விடிஏ இருக்கிறது, ரீப்பரும் ஒசாராவும் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆடியோ இன்டர்ஃபேஸ் மட்டும் இல்லை. யார் வீட்டிலாவது இரண்டு மைக் செருகும் பழைய இன்டர்ஃபேஸ் சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நியாயமான விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். மைக்கின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகு கையால் திருகுவதாக இருக்கட்டும். கம்ப்யூட்டரில் சன்னல் திறந்துதான் கெயின் மாற்ற முடியும் என்கிற மாடல் வேண்டாம்.