எழுத்தை ஏன் பட்டினி போடறீங்க?

எம்.சி. ரோடு துணிக்கடையிலேர்ந்து ராயபுரம் டியூஷன் சென்டர் வரைக்கும் இப்போ எல்லார்கிட்டயும் வெப்சைட் இருக்கு. முக்காவாசி ஒரே சாயல்: சாம்பல் நிறத்துல, நூல் மாதிரி மெல்லிசா தமிழ் எழுத்து. செஞ்சவர் லேப்டாப்புல பளிச்சுனுதான் இருந்திருக்கும்.

மத்த ஸ்க்ரீன்ல மங்குதுன்னா, காரணம் ஸ்க்ரீனோட அடர்த்தி. 2010-ல ஐபோன் 4 வந்தப்போ சூடு பிடிச்ச விவகாரம் இது. அந்த போன் ஸ்க்ரீனோட அகலம் 640 பிக்சல். ஆனா வெப் பக்கத்துக்கு 320-னுதான் கணக்கு. ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்குள்ள (பக்கத்தை வடிவமைக்கறப்போ அளக்கற பிக்சல்) குறுக்க ரெண்டு, நெடுக்க ரெண்டுன்னு நாலு புள்ளி. ஒரு பக்கத்துக்கு ரெண்டுங்கறதால அடர்த்தி 2. இன்னைக்கு சாதாரண போன்லயே 2, 3 வந்துடுச்சு.

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போங்க. சாதிச் சான்றுக்கு ஜனங்க உட்கார்ற மானிட்டர் 1366-க்கு 768, அடர்த்தி வெறும் 1. அதுல 12 பிக்சல் அளவு, எடை (எழுத்துக் கோட்டோட தடிமன்) 300 வெச்சு தமிழைப் போட்டா மெய்யெழுத்து மேல இருக்கிற புள்ளி கரைஞ்சுடும். ரெண்டு சுழியா மூணு சுழியான்னு மூக்கை ஒட்டிப் பார்க்கணும். "இன்னாபா, எழுத்து மங்கலா கீது"ன்னு சென்டர்க்காரர் கேட்டா, மானிட்டரை மாத்துங்கன்னு பதில் வருது. நல்லாருக்கு நியாயம்.

இதுக்கு ஒரு கோஷ்டி வழி சொல்லுது: மீடியா குவெரி (ஸ்க்ரீனைப் பார்த்து ஸ்டைலை மாத்தற சிஎஸ்எஸ் கட்டளை) போட்டு, அடர்த்தி 2-க்குக் குறையாத ஸ்க்ரீன்ல மட்டும் எழுத்தை மெல்லிசாக்கலாமாம். ஆனா அதே பழைய மானிட்டர்ல, பார்வை மங்கின பெரியவர் 200 சதவீதம் ஜூம் பண்ணாலும் பிரவுசர் அடர்த்தி 2-னுதான் சொல்லும். பட்டையா தெரியணும்னு ஜூம் பண்ணவருக்கு, எலும்பும் தோலுமா எழுத்து!

அடர்த்தி பார்த்து மாத்த வேண்டியது படத்தை. லோகோவை எஸ்விஜில (எவ்வளவு பெருசாக்கினாலும் மங்காத பட வகை) போட்டுடுங்க, தொல்லை விட்டுது. சேலை போட்டோவுக்கு எஸ்ஆர்சிசெட்ல (ஒரே படத்தைப் பல அளவுல குடுக்கற எச்டிஎம்எல் வசதி) அடர்த்தி 1-க்கு 1எக்ஸ், 2-க்கு 2எக்ஸ்னு ரெண்டும் குடுத்தா பிரவுசரே எடுத்துக்கும். 3எக்ஸ் போட்டா பிக்சல் 1எக்ஸ்ல இருக்கறதுக்கு 9 மடங்கு. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ரீசார்ஜ் பண்ண டேட்டாதான் கரையும்.

எழுத்து 16 பிக்சல், எடை 400, எல்லா ஸ்க்ரீனுக்கும். இன்னொண்ணு, ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய மானிட்டர் ஒண்ணு வாங்கி மேசையில வைங்க. கடைக்காரர்கிட்ட காட்டறதுக்கு முன்னாடி அதுல ஒரு தடவை திறந்து பாருங்க.