உள்சுவரில் பெயின்ட் அடித்தால் பேஸ்மென்ட் கசிவு நிற்குமா?

பேஸ்மென்ட்டின் வெளிவாசல் பக்கம் தண்ணீர் கசிந்தால், உள்சுவரில் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் போதும் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. ஈரம் வெளியிலிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால் பெயின்ட் கொப்புளித்து உரிந்துவிடும்.

முதலில், வெளியிலிருந்து அந்த வாசலுக்கு இறங்கும் படிக்கட்டின் அடியில் உள்ள வடிகால் வாயைப் பாருங்கள். இலையும் மண்ணும் அடைத்திருந்தால் மழைநீர் தேங்கி, கதவின் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரும். அடைப்பு இல்லையா? சரி, ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடமாக நனைத்துப் பாருங்கள். படிக்கட்டுச் சுவர் வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தை நனைக்கும்போது உள்ளே ஈரம் தெரிந்தால், அந்த இடைவெளியைச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு, வெளிப்பக்கம் பாலியூரித்தேன் சீலன்ட் (காய்ந்த பிறகும் ரப்பர் போல வளைந்துகொடுக்கும் அடைப்புப் பசை) வையுங்கள். வெறும் சிமென்ட் வேண்டாம். இரண்டு சுவரும் தனித்தனியே அசைவதால் மறுபடி விரிசல் விடும். கூரைத் தண்ணீர்க் குழாய் அங்கே கொட்டினால், தண்ணீர் சுவரை விட்டுத் தள்ளி விழும்படி அதையும் திருப்பி விடுங்கள்.