நாலு ரயர் சும்மா போட்டுத் தாறமாம்!

வாகனமும் ரயரும் விற்கிற கடையில் ரயர்ப் பகுதி என் பொறுப்பு. இன்று காலையும் அதே கூத்து. ஸ்டோர் கதவைத் திறக்கிறேன், 195/65 ஆர் 15 அளவு ரயர் நிற்கிற தட்டு வெறுமையாகக் கிடக்கிறது. நேற்றுப் பூட்டிவிட்டுப் போகும்போது நாலும் நின்றன. அதில் இரண்டில் சோக்கால் "ஒட்டுசுட்டான் மாஸ்ரர்" என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தேன். முற்பணம் வாங்கியாயிற்று, சிட்டை வெட்டியாயிற்று, இன்று அவருடைய வாகனத்தில் பூட்டித் தருவதாக வாக்கும் கொடுத்தாயிற்று.

தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. முற்றத்தில் எங்களுடைய விற்பனைக்கு நின்ற பழைய பிரியஸ் கார் கழுவித் துடைத்து, மாலை போட்டு, நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்து நிற்கிறது. ரயரில் ரப்பர் முள்ளுகள்கூட இன்னும் தேயவில்லை. குனிந்து பார்த்தால் முன் சில்லு ஒன்றின் பக்கவாட்டில் என் சோக்கு எழுத்து பாதி அழிந்து "மாஸ்ர" என்று நிற்கிறது. கார் விற்கிற பெடியனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, இதை ஆரைக் கேட்டு எடுத்தனீ?"

"அண்ணை, நாலு ரயரும் புதுசாப் போட்டுத் தாறம் எண்டு சொன்னாப் பிறகுதான் கார் வாங்கிற ஆள் ஓமெண்டவர். இல்லாட்டி வவுனியாவுக்குப் போயிருப்பார்."

"பேர் எழுதியிருந்ததே!"

"அழிச்சுப் போட்டுத்தானே அண்ணை பூட்டினது."

அழித்துவிட்டுத்தான் பூட்டினானாம். பெயர் எழுதியிருந்தது தெரியும், வாசித்தும் இருக்கிறான், வாசித்த பிறகு துணியால் துடைத்தும் இருக்கிறான். முதலாளியிடம் மாற்றுச் சாவி கேட்டு வாங்கி, இரவோடு இரவாக ஜாக்கி போட்டு, நாலு சில்லும் கழற்றி, பூட்டி, பலன்ஸும் பார்த்திருக்கிறான். இத்தனைக்கும் நேரமிருந்த ஆளுக்கு எனக்கு ஒரு கோல் எடுக்க நேரமில்லை. அந்த ரயரை அவன் ஸ்டோரில் இருக்கிற சாமான் என்றே நினைக்கவில்லை. வாகனம் விற்கிறவன் கையில் எடுத்துக் கொடுக்கிற இனாம் என்று நினைத்திருக்கிறான்.

முதலாளியிடம் போனேன். அவர் சொன்னதுதான் இன்னும் காதுக்குள் நிற்கிறது. "வாங்கின விலைக்கே எழுதி விடு. வீட்டுக்குள்ளதானே."

வாங்கின விலை ஒன்று 24,500. நாலுக்கும் 98,000. சரி, எழுதுகிறேன். கொழும்பிலிருந்து போன கிழமை வந்த புதுப் பட்டியலில் அதே ரயர் 28,900. தட்டில் திரும்ப நாலு வைக்க 1,15,600 வேண்டும், லொறிக் கூலி வேறு. இடையில் நிற்கிற 17,600 யாருடைய கணக்கு? காரின் லாபம் விற்பனைப் பகுதிக்கு. கொமிஷன் அவனுக்கு. நட்டம் என் தட்டுக்கு. மாதக் கடைசியில் கூட்டம் வைத்து, "ரயர் பகுதி ஏன் ஓடுதில்லை?" என்று எல்லாருக்கும் முன்னால் என்னைத்தான் கேட்பார்கள். அந்த நாலு ரயரையும் காரின் செலவில், இன்றைய விலையில் எழுதுங்கள் என்று நான் எத்தனை தரம் சொல்லியாயிற்று! அப்படி எழுதினால் அந்த விற்பனையின் உண்மையான லாபம் தெரிந்துவிடும், அதுதான் அவர்களுக்குக் கசக்கிறது.

2022 இல் பட்டது யாருக்கும் நினைவில்லையா? பங்குனி தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி நின்றது, வைகாசியில் 360. வாங்கின விலைக்கு மேல் ஏதோ கொஞ்சம் வைத்து விற்றுவிட்டு, நல்ல வியாபாரம் என்று சந்தோஷப்பட்ட கடைகள் அந்தக் காசைக் கொண்டு திரும்ப வாங்கப் போனபோது விற்ற சாமானில் பாதிதான் கைக்கு வந்தது. கணக்குக் கொப்பியில் லாபம் இருந்தது, தட்டில் சாமான் இல்லை. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிற வேலை அது. வன்னியில் வயல் செய்கிற ஒருத்தருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் முதலாளிக்கும் பன்னிரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது.

அதுக்குப் பிறகு டொலர் இறங்கியதே, அப்போது என்ன சொன்னார்கள் தெரியுமா? "சந்தை விலைக்குக் குடு, ஆக்கள் கொழும்பு விலையை போனில காட்டுகினம்." உச்ச விலைக்கு வாங்கி வைத்த ரயரை நட்டத்துக்குக் கொடுத்தோம். ஏறும்போது வாங்கின விலை, இறங்கும்போது சந்தை விலை. இரண்டு பக்கமும் அடி எனக்கு. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள், அதன்படி நடக்கிறேன் என்றால் பதில் சொல்ல ஆளில்லை.

ஸ்டொக் வைத்திருக்கிறது என்றால் என்னவென்று இவர்களுக்கு விளங்குவதே இல்லை. உழவு இயந்திரத்தின் முன் ரயர் 6.00-16, பின் ரயர் 13.6-28, இரண்டும் காலபோக உழவுக்கு முதல் பறக்கும், பிறகு நெல் வெட்டிக் காசு கையில் வந்ததும் பறக்கும். மற்ற மாதங்களில் பின் ரயர் ஒன்று ஒரு ஆளின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். கொழும்புக்காரனுக்குக் கொடுத்த செக் நெல் விளையும்வரை காத்திருக்காது. குறைத்து எடுத்தால் "சாமான் இல்லாத கடை" என்பார்கள், கூட எடுத்தால் "காசை முடக்கிறாய்" என்பார்கள்.

2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 மாசியில் திரும்பத் திறந்துவிட்டார்கள். புது வாகனத்தோடு புது அளவுகளும் வருகின்றன. முன்பு 195/65 என்றால் 15 தான் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். இப்போது 195/65 ஆர் 16 கேட்டும் வருகிறார்கள். விற்பனைப் பெடியள் சில்லின் அளவைச் சொல்கிற கடைசி எண்ணைப் பார்க்கிறதே இல்லை. "அண்ணை, 195/65 இருக்குத்தானே" என்று என்னைக் கேட்டுவிட்டு, நான் வாய் திறக்க முதல் அந்த ஆளுக்கு ஓம் சொல்லிவிடுவார்கள்.

திகதி விஷயம் இன்னொரு கொதி. ரயரின் பக்கத்தில் கடைசி நாலு எண் இருக்கிறதே, 1422 என்றால் 2022 ஆம் ஆண்டு பதினாலாவது கிழமை செய்தது. இப்போது வருகிற எல்லாருக்கும் இது தெரியும், முதலில் அதைத்தான் குனிந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அது அவர்களுடைய உரிமை. ஆனால் இவன்கள் இனாம் கொடுக்க எடுக்கும்போது எப்போதும் முன்னுக்கு நிற்கிற புதுசைத்தான் உருவுவார்கள். பழசு பின்னால் நின்று தகரக் கூரையின் வெக்கையிலும் சோளகக் காற்றுப் புழுதியிலும் கிடந்து இறுகும். ரப்பர் வெடிக்கத் தொடங்கிய பிறகு அதை யாருடைய வாகனத்தில் பூட்டச் சொல்கிறீர்கள்? பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏ9 பெருந்தெருவில் ஓடுகிறவர்களுடைய வாகனம் அது. விலையைக் குறைத்தும் கொடுக்க மனம் வராது எனக்கு.

கழற்றின பழைய நாலும் எங்கே போனது? ஸ்டோருக்குப் பின்னால், மதிலோடு. எறிந்துவிட்டுப் போய்விட்டார்கள். வாடைக்காற்று மழை தொடங்கினால் அதற்குள் தண்ணி தேங்கும், நுளம்பு பெருகும், சுகாதாரப் பரிசோதகர் வருவார். டெங்குக்கு நோட்டீஸ் யாருடைய பெயரில் வரும்? ஸ்டோர் பொறுப்பு யார் என்று கேட்டால் எல்லா விரலும் என் பக்கம் நீளும்.

பத்து மணிக்கு மாஸ்ரர் வந்தார். ஒட்டுசுட்டானிலிருந்து, அரை நாள் லீவு போட்டு, மாங்குளத்தால் சுற்றி. முன் ரயர் இரண்டிலும் கம்பி தெரிகிறது. நான் விஷயத்தைச் சொன்னேன், மறைக்கவில்லை. அவர் முற்றத்தில் நின்ற பிரியஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "காசு கட்டின எனக்கு இல்லாத ரயர் சும்மா கேட்ட ஆளுக்கு எப்பிடி வந்தது, தம்பி?" என்று கேட்டார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. முதலாளியைக் கூப்பிட்டேன், போனில் இருக்கிறார் என்றார்கள். கார் விற்றவனைக் கூப்பிட்டேன், கோயிலடிக்குக் கார் கொண்டு போய்விட்டான். கடைசியில் பரந்தனில் தெரிந்த கடையொன்றில் சில்லறை விலைக்கு இரண்டு எடுத்து, அவர் கட்டின விலைக்கே பூட்டி அனுப்பினேன். அந்த வித்தியாசத்தையும் என் பகுதியில்தான் எழுதச் சொல்கிறார்கள். எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரின் கோப்பிலேயே சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் அவர்களே கிழிக்கட்டும்.

இதோடு விட்டதா? இரவு வீட்டுக்கு வருகிறேன், ஏ9 நடுவில் கட்டாக்காலி மாடுகள் படுத்துக் கிடக்கின்றன, ஒரு வெளிச்சம் இல்லை. ஹோர்ன் அடித்தாலும் எழும்பாது. இந்த மாட்டுக்காரர் எல்லாரும் எங்கே? காலையில் பால் கறக்க மட்டும் ஆள் தெரியும். வாகனம் முட்டினால் பத்து நிமிஷத்தில் இழப்பீடு கேட்டு வந்து நிற்பார்கள். முட்டினவன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஒருத்தரும் எட்டியும் பார்க்கமாட்டார்கள். பிரதேச சபை பிடித்து அடைக்கத் தொடங்கினால் ரெண்டு கிழமைக்கு றோட்டு வெளிச்சிருக்கும், பிறகு பழையபடி படுத்துவிடும். பிடிக்கிறதென்றால் வருஷம் முழுக்கப் பிடியுங்கோவன்!