யார் படம் வேண்டுமானாலும் போடுங்கள், சட்டம் எங்கே?

சனிக்கிழமை மருத்துவக் காப்பீட்டு அட்டை முகாமில் நடந்த பேனர் சண்டையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். ஓரமாக நின்று கையை நீட்டி "சட்டம் எங்கய்யா, சட்டம் எங்க" என்று கத்துவது நான்தான். அதற்காக ஒரு கோஷ்டி என்னை சங்கி (பாஜக ஆள்) என்கிறது, இன்னொரு கோஷ்டி 200 ரூபாய் உபி (காசுக்குப் பேசும் திமுக உடன்பிறப்பு) என்கிறது. ஒரே கேள்விக்கு இரண்டு பட்டம், ஒரே நாளில். சந்தோஷம்.

சண்டை எதற்கு என்று தெரியும்தானே. 5 லட்ச ரூபாய் காப்பீட்டை 2018 செப்டம்பரில் கொண்டுவந்தது மத்திய அரசு, அதனால் பிரதமர் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. 2009லேயே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் கொடுத்தவர்கள் நாங்கள், டெல்லிக்கே வழிகாட்டினோம் என்கிறது இன்னொரு தரப்பு. (2012இல் அதற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று பெயர் வைத்த கட்சியின் அண்ணன் ஒருவரும் அங்கே இருந்தார். பாவம், அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை.) எல்லாம் உண்மைதான். 2018இல் இரண்டையும் இணைத்தார்கள், 2011 சமூக பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம், பட்டியலில் வராத குடும்பங்களுக்கு மாநிலமே முழுசாகக் கொடுக்கிறது. கணக்கு அவ்வளவுதான். நான் கேட்டது அது இல்லையே.

இதில் எது சட்டம்? நாடாளுமன்றம் போட்டதா, சட்டமன்றம் போட்டதா? இரண்டும் இல்லை. அமைச்சரவை முடிவு, அரசாணை, ஒப்பந்தம், அவ்வளவுதான். நாளைக்கே பெயரை மாற்றலாம், தொகையைக் குறைக்கலாம், எந்த வியாதி உண்டு எது இல்லை என்று கலைத்துப் போடலாம், நிறுத்தவும் செய்யலாம். யாரும் சட்டத்தை மீறினார்கள் என்று ஆகாது, ஏனென்றால் மீறுவதற்குச் சட்டமே இல்லை.

சரி, யாருக்கு அதிகாரம்? அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள், யார் எதற்குச் சட்டம் போடலாம் என்ற பட்டியல்கள் அதில்தான் இருக்கின்றன. மாநிலப் பட்டியலில் 6ஆவதாக இருப்பது பொதுச் சுகாதாரம், மருத்துவமனைகள், மருந்தகங்கள். மத்திய அரசு அதற்குப் பணம் கொடுக்கலாம், தன் பட்டியலில் இல்லாத காரியத்துக்கும் கொடுக்க 282ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் பணம் கொடுத்ததால் அந்த அதிகாரம் டெல்லிக்குப் போய்விடாது. மொய் எழுதியவர் மணமேடையில் உட்கார முடியுமா? இதைச் சொன்னதும் திராவிட நண்பர்கள் கைதட்டினார்கள், பார்த்தேன். கொஞ்சம் பொறுங்கள். அதிகாரம் மாநிலத்திடம்தான் என்றால் இத்தனை வருஷமாக அந்த அதிகாரத்தை வைத்து என்ன செய்தீர்கள், சட்டம் எங்கே என்றுதான் அடுத்து கேட்டேன். அங்கேதான் கைதட்டல் நின்றது.

வக்கீல் நண்பர் ஒருவர் இன்பாக்ஸில் வந்து, இன்சூரன்ஸ் மத்தியப் பட்டியலில் 47ஆவது, மாநிலம் சட்டம் போடவே முடியாது என்றார். நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சமூகப் பாதுகாப்பும் சமூகக் காப்பீடும் மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் 23ஆவதாக இருக்கிறதே சார்? அதோடு நான் இன்சூரன்ஸ் வியாபாரத்துக்கா சட்டம் கேட்கிறேன்? அட்டை வைத்திருப்பவருக்கு அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது, முன்பணம் கேட்கக் கூடாது, மறுத்தால் இன்ன தண்டனை என்று ஆஸ்பத்திரிக்குச் சட்டம் போடச் சொல்கிறேன். 1939இல், சுதந்திரத்துக்கும் முன்னால், பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது. ராஜஸ்தான் 2023இல் சுகாதார உரிமைச் சட்டமே போட்டுவிட்டது, அங்கே டாக்டர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள், ஆனாலும் போட்டார்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று சிலர் கேட்டீர்கள். அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சுவலி வந்தபோது தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். குறுவை நெல்லை டிபிசியில் (அரசு நெல் கொள்முதல் நிலையத்தில்) போட்டுவிட்டு பணம் பேங்கில் ஏறக் காத்திருந்த சமயம். கையில் அட்டை இருக்கிறது என்ற தைரியம்தான். கவுன்டரில் இருந்த பையன் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ரூவல் வரணும் சார், அதுவரைக்கும் அட்வான்ஸ் கட்டிடுங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அட்டைக்கு எதற்கு அட்வான்ஸ் என்று கேட்டால், "எல்லாரும் கட்டுறாங்க சார்." அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அப்பா பிழைத்துக்கொண்டார். அப்ரூவலும் வந்தது. கட்டிய பணத்தில் பாதிக்கு மேல் "மருந்து, மற்றவை" என்று ஒரு வரியில் போய்விட்டது. இலவச எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று எஸ்எம்எஸ் வந்தது. எப்படி முடிந்தது, யார் முடித்தார்கள்? அதைக் கேட்க ஒரு இடம் இல்லை.

இதே ஒரு ஃபேக்டரித் தொழிலாளியாக இருந்தால் கதை வேறு. ஈஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) 1948இலேயே சட்டமாக வந்தது. பலன் கிடைக்கவில்லை என்றால் சட்டப்படியே தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம் இருக்கிறது, போய் வழக்குப் போடலாம். நடவு நடுகிற, களை எடுக்கிற நம் ஊர் ஜனங்களுக்கு ஈஎஸ்ஐயும் கிடையாது, நீதிமன்றமும் கிடையாது. டோல் ஃப்ரீ உண்டு. 1996லேயே உச்ச நீதிமன்றம், மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயக் கூலிகள் சங்கம் போட்ட வழக்கில், அவசர சிகிச்சை கொடுக்காதது உயிர் வாழும் உரிமையைத் தரும் 21ஆவது பிரிவை மீறுவது, பணமில்லை என்று அரசு சாக்குச் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டது. அது அரசு ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பிய வழக்கு. தனியார் கவுன்டரில் அந்தத் தீர்ப்பை நீட்டிப் பாருங்களேன்.

"அப்போ திட்டமே வேண்டாங்கிறியா?" இல்லை. எத்தனையோ பேர் இதனால் பிழைத்திருக்கிறார்கள், எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். "சட்டம் போட்டா மட்டும் நடந்துடுமா?" நடக்காமல் போகலாம். ஆனால் நடக்கவில்லை என்று கேட்க ஒரு வாசல் இருக்கும்.

டெல்டாக்காரனிடம் வந்து வாக்குறுதிக்கும் சட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை என்கிறார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரியில் வந்தது, மத்திய அரசிதழில் ஏறியது 2013 பிப்ரவரியில். நடுவில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்தோம்? தண்ணீரும் மாநிலப் பட்டியல்தான், 17ஆவது. ஆனால் பல மாநில ஆறு என்று மத்தியப் பட்டியலில் 56 வந்து உட்கார்ந்துகொள்ளும். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020இல் முதலமைச்சர் மேடையில் அறிவித்தபோது, அறிவிப்பு போதாது, சட்டம் போடு என்று இதே ஊரில் இதே ஆட்கள்தானே கேட்டோம்? அதே மாதமே சட்டம் வந்ததா இல்லையா? அதில் ஓட்டை உண்டு, தெரியும். ஆனால் வயலுக்குச் சட்டம் கேட்ட வாய், அந்த வயலில் வேலை செய்கிறவன் நெஞ்சுக்குக் கேட்கக் கூடாதா?

இன்னொன்று. 15ஆவது நிதிக்குழுத் தலைவராக இருந்த என்.கே.சிங், சுகாதாரத்தைப் பொதுப் பட்டியலுக்கு மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். கல்வியை 1976இல் 42ஆவது திருத்தத்தில் அப்படித்தான் மாற்றினார்கள், இன்றுவரை நீட் என்று அழுதுகொண்டிருக்கிறோம். வைத்திருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் பேனரில் படத்துக்குச் சண்டை போட்டால் அதையும் ஒருநாள் எடுத்துக்கொண்டு போவார்கள். இதைச் சொன்னால் நான் சங்கியாம்!

சின்ன மாமா எல்லார் முன்னாலும் "பெரிய அம்பேத்கர் வந்துட்டாரு" என்றது வீடியோவில் இருக்கிறது, சிரிப்புச் சத்தமும் இருக்கிறது. மாமா, அன்றைக்கு ராத்திரி வளையலை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்தது நீங்கள்தான். உங்களுக்குத் தெரியாததா? கட்சி கட்சி என்று இருபது வருஷம் போஸ்டர் ஒட்டினீர்கள், உங்களுக்கு ஒன்று ஆனாலும் அந்தக் கவுன்டரில்தான் நிற்க வேண்டும், அங்கே எந்தக் கட்சி என்று கேட்க மாட்டார்கள், அட்வான்ஸ்தான் கேட்பார்கள்.

அன்றைக்கு அரை மணி நேரம் முகாம் நின்றது. கைரேகை வைக்க வந்த கிழவிகள் வெயிலில் நின்றார்கள். எந்தப் படம் வைத்தார்கள் என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை.

கமெண்டில் பயனாளிகள் எண்ணிக்கை, தலைவர் பேசிய கிளிப், பழைய ஆட்சியின் ஊழல் எல்லாம் ஒட்டப் போகிறீர்கள் என்று தெரியும். தாராளமாக ஒட்டுங்கள், பதில் சொல்ல மாட்டேன். அப்பாவிடம் கேட்ட அட்வான்ஸ் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் குற்றம், எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது, இந்த இரண்டும் தெரிந்தவர்கள் எழுதுங்கள், பின் செய்து வைக்கிறேன்.